வடசென்னைப் பெண்களைத் தீயணைப்பு வேலைக்குத் தயார்படுத்துவது எப்படி

ஏரியாவில் பயிற்சி வகுப்பு தொடங்க நினைப்பவர்கள், சேர வரும் பெண்ணிடமும் அவள் வீட்டாரிடமும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் 2020, 2022, 2023 அறிவிப்புகளில் தீயணைப்பாளர் இடங்கள் ஆண்களுக்கு மட்டுமே. இதை மறைத்து ஆள் சேர்த்தால், விண்ணப்பம் போடும் நாளில் மொத்த வகுப்பும் கலைந்துவிடும். புது அறிவிப்பு வந்தால் சம்பளத்துக்கு முன் எந்தப் பதவிக்கு எந்தப் பாலினம் என்ற கட்டத்தைப் பாருங்கள்.

இப்போதைக்கு வேறு வழிகள் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 எழுதி அதிகாரியாகலாம். பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் 2003-இல் துறைக்குள் வந்தது அந்த வழியில்தான். விமான நிலையத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் தனித் தீயணைப்புப் பிரிவுகள் இருக்கின்றன. நாக்பூர் தேசிய தீயணைப்பு சேவைக் கல்லூரியில் படித்தவர்களுக்கு அங்கே மதிப்பு அதிகம். விமான நிலைய வேலைக்கு ஓட்டுநர் உரிமமும் கேட்பார்கள், அது எத்தனை வருடம் பழையது என்பதையும் பார்ப்பார்கள். ஆகவே பதினெட்டு முடிந்ததும் எல்.எல்.ஆர். போடச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட்டு வாய்ப்பை விட்டவர்களே அதிகம்.

ஆள் சேர்ப்பது

சுவரொட்டி ஒட்டினால் பசங்கதான் வந்து விசாரிப்பார்கள். வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பெண்கள், பாக்ஸிங், கபடி ஆடுகிறவர்கள், கல்லூரி என்.சி.சி. பிள்ளைகள், இவர்களிடம் நேரில் போங்கள். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண்கள் பலருக்குக் கயிறும் முடிச்சும் சின்ன வயதிலேயே கைவந்திருக்கும். போலைன், குளோவ் ஹிட்ச் என்று நீங்கள் பெயர் சொல்வதற்குள் போட்டுக் காட்டிவிடுவார்கள்.

அம்மாக்களிடம் பேச மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம்தான் நல்ல இடம். "ஆம்பளைங்க வேலைக்கு எதுக்குமா பொண்ணு?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதோடு வாதாட வேண்டாம். பின்னாலேயே உண்மையான கேள்விகள் வரும்: ராத்திரி வேலை உண்டா, துணி மாற்றத் தனி இடம் இருக்குமா, கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆகும். ராத்திரி வேலை உண்டு என்றே சொல்லுங்கள். தனி அறை உண்டா என்று தெரியாத இடத்துக்கு, "கேட்டுச் சொல்றேங்க" என்பதோடு நிறுத்துங்கள்.

முதல் வாரம்

ஓடவிடுவதற்கு முன் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதைச் சரிசெய்யாமல் ஓடவிட்டால் மூன்றாவது வாரம் மூச்சு வாங்கி, "உடம்பு ஒத்துக்கல" என்று நின்றுவிடுவார்கள். வீசிங் உள்ளவர்களை மருத்துவர் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

உயரத்தைக் காலையில் அளந்தால் மாலையைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வரும். எல்லையில் நிற்கும் பெண்ணுக்கு இது பெரிய விஷயம். கொண்டையை அவிழ்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். சீருடைப் பணியாளர் வாரியமே நடத்தும் காவலர் தேர்வில் பெண்களுக்கு உயரம் 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 157. வகுப்புக்கு அதே தேர்வின் அளவுகளை இலக்காக வையுங்கள்: 400 மீட்டர் 2 நிமிடம் 30 வினாடிக்குள், நீளம் தாண்டுதல் ஒரு ஸ்டாருக்கு (மார்க் தரும் படிநிலை) 3 மீட்டர், இரண்டு ஸ்டாருக்கு 3.75, நூறு மீட்டர் ஒரு ஸ்டாருக்கு 17.5 வினாடி, இரண்டு ஸ்டாருக்கு 15.5 வினாடி. நான்கு கிலோ குண்டு எறிவதா, கிரிக்கெட் பந்து எறிவதா என்பதை மூன்றாவது வாரத்துக்குள் முடிவுசெய்து ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

400 மீட்டரில் தவறுபவர்கள் குறைவு. தாண்டுதலில்தான் மார்க் போகிறது, அதுவும் ஃபவுலால். வெறும் மண்ணில் கோடு கிழித்துப் பழகியவள், கால் ஊன்றித் தாண்ட வேண்டிய பலகையைப் பார்த்ததும் தடுமாறுவாள். இருபது செ.மீ. அகலப் பலகை ஒன்றைத் தரை மட்டத்துக்குப் புதைத்து, ஓடி வரும் தூரத்தை அவளவள் காலடியால் எண்ணிக் குறித்துவையுங்கள்.

கடல் பக்கம்தானே, மணலில் ஓடலாம் என்று தோன்றும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையில் பெரும்பாலும் பாறாங்கல் கொட்டியிருக்கிறது, விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி. மாநகராட்சி மைதானமே போதும். நீச்சலுக்குப் பெரியமேடு மை லேடீஸ் பூங்காக் குளம் இருக்கிறது.

ஹோஸ்

பெண்ணால் ஹோஸ் (தண்ணீர் பாய்ச்சும் குழாய்) பிடிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 63 மி.மீ. ஹோஸ் 15 மீட்டர் நீளத்துக்குள் நிற்கும் தண்ணீர் சுமார் 47 லிட்டர். சந்துக்குள் வண்டி போகாத இடத்தில் ஐந்து ஹோஸ் இணைத்தால் தண்ணீர் மட்டும் 235 கிலோ. அதை எந்த ஆணும் தனியாக இழுக்க முடியாது. எனவே தண்ணீர் இல்லாமல் விரித்து முடித்து, முனையில் ஆள் நின்ற பிறகே தண்ணீர் கேட்க வேண்டும். திருப்பத்துக்கு ஒரு ஆள். அங்கே ஹோஸ் மடிந்தால் முனையில் வெறும் சொட்டுத்தான் வரும்.

அடுத்தது பின்னுதைப்பு. ஹோஸ் முனையில் மாட்டும் நாசில் 20 மி.மீ., அழுத்தம் 7 பார் என்றால் பின்னோக்கித் தள்ளும் விசை கிட்டத்தட்ட 45 கிலோ. நாசிலை 12.5 மி.மீ. ஆக்கினால் 17 கிலோ சொச்சம். ஐம்பது கிலோ எடையுள்ள பெண் இதைக் கைப்பலத்தால் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். இடது காலை முன்வைத்து, முட்டியை மடக்கி, ஹோஸை வலது அக்குளுக்குள் இறுக்கி, உடம்பை முன்னால் சாய்க்கட்டும். இரண்டாமவள் ஒரு மீட்டர் பின்னால் ஹோஸின் பாரத்தைத் தாங்கித் தோளை முன்னவள் முதுகில் கொடுக்கட்டும். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, கையை நீட்டி மார்பு உயரத்தில் பிடித்துப் பின்னால் சாய்வது. தண்ணீர் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள்.

வால்வை மெல்லத் திறந்து மெல்ல மூட வேண்டும். படாரென்று மூடினால் தண்ணீர் அடிக்கும் அதிர்ச்சியில் ஹோஸ் வெடிக்கலாம். ஆலைகளில் கழித்த பழைய ஹோஸ் கேட்டால் கிடைக்கும், விரித்துச் சுருட்டிப் பழகுவதற்கு அது போதும். அதில் பம்பு அழுத்தத்தை மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

ஆளைத் தூக்கப் பழக்க 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். தோளில் போட்டுத் தூக்குவது மேடைக்கு அழகு. புகை மேலே நிற்கும் அறையில் அது உதவாது. போர்வையில் உருட்டி, குனிந்து, தரையோடு இழுப்பதையே அதிகம் பழக்குங்கள்.

மூச்சுக் கருவி

6.8 லிட்டர் சிலிண்டர் 300 பாரில் 2,040 லிட்டர் காற்று தரும். நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால், காற்று தீரப்போகிறது என்று விசில் அடிக்கும் 55 பார் வரை நாற்பது நிமிடம் சொச்சம். பயந்து 60 லிட்டர் இழுத்தால் 28 நிமிடம்தான். அதனால் கண்ணைக் கட்டி, இருட்டறையில் முட்டிபோட்டு நகர்ந்து, நிதானமாக மூச்சுவிடும் பழக்கம் முதலில் வரட்டும். சிலிண்டர் மாட்டுவதெல்லாம் பிறகு.

முகமூடி விளிம்புக்கடியில் நாலு முடி மாட்டினாலே காற்று கசியும். முடியைப் பிடரியில் தாழ்வாகப் பின்னச் சொல்லுங்கள். உச்சிக்கொண்டையும் கிளிப்பும் பட்டையை ஏறவிடாது. மூக்குத்தி உள்மூடியில் அழுத்தும், கழற்றிவிட வேண்டும். முகத்தில் எண்ணெய் இருந்தால் மூடி நழுவும். தாலிச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வருவது நல்லது. மனம் வராதவர்கள் பருத்தித் துணியில் சுற்றி உள்ளாடைக்குள் ஒட்டிக்கொள்ளட்டும். நைலான் லெக்கின்ஸ், சின்தெடிக் உள்ளாடை எதுவும் கூடாது. சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். உள்ளே முழுக்கப் பருத்திதான்.

உடுப்பு வாங்கும் இடத்தில் ஆண் அளவையே தலையில் கட்டப் பார்ப்பார்கள். பூட்ஸுக்குப் பாதத்தின் நீளத்தோடு அகலத்தையும் எழுதிக் கொடுங்கள். கையுறையை வாங்கிய அன்றே ஒரு சோதனை: மாட்டிக்கொண்டு, இரண்டு ஹோஸை இணைக்கும் கப்ளிங்கைப் பத்து முறை இணைத்துக் கழற்றட்டும். அதற்குள் ஒரு தடவை கையுறையின் விரல் நுனி வெறுமையாக மடங்கி, கப்ளிங்கில் கைபிடிக்கும் காது நழுவினாலும், அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.