கண்காட்சியில் ஸ்டோல் எடுக்கும் முன்: உடுப்பு, நகை விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருதமுனையில் நெய்கிற சாரிக்கும் சாரத்துக்கும் நாடு முழுக்கப் பெயர் இருக்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீட்டில் இருந்தபடியே தோடு, மாலை, காப்பு செய்து விற்கிற பெண்கள் இப்போது நிறையப் பேர். பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் காசு செலவழித்துக் கொழும்புக்கு ஒரு கண்காட்சிக்குப் போய் வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "எல்லாரும் நல்லா இருக்கு என்று சொன்னாங்க, ஆனா ஓடர் ஒன்றும் வரவில்லை" என்பார்கள். கடைக்காரர் ஒருவர் "நல்லா இருக்கு" என்று சொன்ன கையோடு அடுத்ததாக ஒன்று கேட்பார்: எத்தனை தருவீங்க, எத்தனை நாளில், கடைக்கு என்ன விலை? பெரும்பாலான ஸ்டோல்களில் இதற்குப் பதில் இருப்பதில்லை. கீழே நான் சொல்லப்போகிற தவறுகளில் பாதி இந்த ஒரு கேள்விக்கு ஆயத்தமில்லாமல் போவதால் வருபவைதான்.

முதலில், எந்தக் கண்காட்சி என்று பார்க்காமல் போவது. சனம் குடும்பம் குடும்பமாக வந்து வாங்கிக்கொண்டு போகிற கண்காட்சி ஒரு வகை. 2010 முதல் யாழ்ப்பாணத்தில் நடந்து வரும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்குக் கடைக்காரரும் கொம்பனிக்காரரும் வந்தாலும், பெருங்கூட்டம் பொதுசனம்தான். அங்கே கையில் சரக்கு வேண்டும், சில்லறை வேண்டும், பை வேண்டும். கடை வைத்திருப்பவர்களும் ஏற்றுமதிக்காரரும் வந்து ஓடர் கொடுக்கிற கண்காட்சி இன்னொரு வகை, அங்கே சரக்கு மூட்டையைக் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை, நல்ல மாதிரிகளும் விலைப்பட்டியலும்தான் வேலை செய்யும். கொழும்பில் 1991 முதல் நடக்கிற ‘பெசெட்ஸ்’ நகைக் கண்காட்சி என்றால் அது பெரும்பாலும் இரத்தினக்கல் வியாபாரிகளின் இடம். பாசிமணியிலும் சிரட்டையிலும் அழகாக நகை செய்கிற ஒருவர் அங்கே ஸ்டோல் எடுத்தால் அவருடைய வாடிக்கையாளர் அந்த மண்டபத்துக்குள்ளேயே வரமாட்டார். அதனால் ஒரு வருடம் ஸ்டோல் எடுக்காமல் சும்மா பார்வையாளராகப் போய் வாருங்கள். யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், பக்கத்து ஸ்டோலில் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால் பஸ் காசோடு முடிந்துவிடும்.

விலைக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் கூட அடிபடுகிறார்கள். ஒரு சாரிக்கு நூல், சாயம், நெசவுக் கூலி எல்லாம் சேர்த்து உங்களுக்கு 3,000 ரூபா முடிகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் அதை பேஸ்புக்கில் 4,500 ரூபாவுக்கு விற்கிறீர்கள். கண்காட்சியில் ஒரு கடைக்காரர் 50 சாரி கேட்கிறார். 4,200க்குத் தருகிறேன் என்கிறீர்கள். அவருக்குக் கடை வாடகை, கரண்ட் பில், வேலையாள் சம்பளம் எல்லாம் இருக்கிறது, 7,500க்கோ 8,000க்கோ விற்றால்தான் கட்டும். அதே சாரியை அவருடைய வாடிக்கையாளர் உங்கள் பேஸ்புக்கில் 4,500க்குப் பார்த்தால் அந்தக் கடைக்காரர் இரண்டாம் முறை உங்களிடம் வருவாரா? வரமாட்டார், மற்றக் கடைக்காரர்களுக்கும் சொல்லிவிடுவார். கடைகளுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் சில்லறை விலையும் கடையின் விலைக்குக் கிட்ட இருக்க வேண்டும், கடைக்கான மொத்த விலை தனியாக இருக்க வேண்டும், அந்த மொத்த விலையிலும் உங்களுக்கு லாபம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கடைக்குக் கொடுக்கிற நிலைக்கு உங்கள் தொழில் இன்னும் வரவில்லை என்று அர்த்தம், நேரடியாகவே விற்றுக்கொண்டிருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் நீங்களே உட்கார்ந்து செய்கிற வேலைக்குக் கூலி போடாமல் கணக்குப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். நம் பக்கத்துப் பெண்கள் பலர் பாசியின் விலையையும் நூலின் விலையையும் கூட்டிவிட்டு, இரவு 11 மணி வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு கோர்த்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 50 மாலை ஓடர் வந்து, கோர்க்க இன்னும் இரண்டு பேரை வைக்க வேண்டி வரும்போதுதான் அந்தக் கூலி எங்கிருந்து வரும் என்று தெரியும்.

அடுத்தது, திரும்பச் செய்ய முடியாத பொருளை மாதிரியாகக் காட்டுவது. கைத்தறியில் இது பெரிய சிக்கல். கையில் மிஞ்சிய நூலை வைத்து அருமையான ஒரு நிறச் சேர்க்கையில் ஒரு சாரி நெய்து, அதையே ஸ்டோலின் முன்னால் தொங்கவிடுவார்கள். எல்லாக் கண்ணும் அதில்தான் விழும். ஒருவர் அதே நிறத்தில் 30 கேட்பார். திரும்பி வந்து பார்த்தால் அந்த நீல நூல் கடையில் இல்லை, புதிதாகச் சாயம் போட்டால் ஒரு பிடி கூடிவிடும் அல்லது குறைந்துவிடும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், போட்டால் அந்தப் பாவின் நிறத்தில் அடுத்தடுத்துப் பல சாரி நெய்துவிடலாம், குறுக்கே ஓடுகிற ஊடை நூலை மாற்றினால் சாரியின் உடலின் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசம் காட்டலாம், ஆனால் ஒவ்வொரு சாரிக்கும் ஒவ்வொரு பாவு போட முடியாது. இது வாங்க வருபவருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். "இந்த டிசைனில் ஆறு நிறம் இருக்கு, ஒரு நிறத்தில் குறைந்தது எட்டு எடுக்கவேணும்" என்று எழுதி வைத்துவிட்டால் பேச்சு அதோடு தெளிவாகிவிடும். நகைக்கும் இதுதான். கொழும்பில் எங்கோ ஒரு தடவை கிடைத்த கல்லையோ பித்தளை மணியையோ வைத்துச் செய்த தோட்டை மாதிரியாக வைக்காதீர்கள். வைத்தால் "இது ஒன்றுதான்" என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், அப்படி எழுதினால் அதற்கும் ஒரு மதிப்பு வரும்.

ஸ்டோலின் உள்ளே வந்து பார்த்தால் சின்னச் சின்னத் தவறுகள்தான் கண்ணில் படும், ஆனால் அவை விற்பனையைக் கெடுக்கும். தோடும் மாலையும் விற்கிற இடத்தில் கண்ணாடி இருக்காது. போட்டுப் பார்க்காமல் எந்தப் பெண் தோடு வாங்குவாள்? வெளிச்சம் இன்னொன்று: மண்டபத்தில் என்ன பல்ப் இருக்கிறதோ அதை நம்பிப் போவது. மஞ்சள் வெளிச்சத்தில் மயில்நீலச் சாரி பச்சையாகத் தெரியும், வெள்ளி நகை அழுக்காகத் தெரியும். தங்க நிறத்துக்கு மஞ்சள் கலந்த வெளிச்சம் பொருந்தும், வெள்ளிக்கும் சாரிக்கும் வெள்ளை வெளிச்சம் வேண்டும், ஆக இரண்டு மேசை லாம்பும் ஒரு எக்ஸ்டென்ஷன் வயரும் உங்கள் பையில் இருக்கட்டும். அப்புறம் கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும், மாதிரிகளை ஒவ்வொன்றாகக் காற்றுப் புகாத சின்னப் பைகளில் போட்டுக்கொண்டு போங்கள், காலையில் ஸ்டோல் திறக்கும் முன் மெல்லிய துணியால் ஒரு தடவை துடையுங்கள். கொழும்பில் நிற்கும்போது சிங்களம் சரளமாகப் பேசக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விலைப்பட்டியல் மூன்று மொழியிலும் இருந்தால் நல்லது.

பொருளைப் பற்றிச் சொல்லும்போது வாய் கூசாமல் மிகைப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 22 கரட் என்றால் நூற்றுக்கு 91.6 தங்கம், 18 கரட் என்றால் 75, 925 வெள்ளி என்றால் 92.5 வெள்ளி. முலாம் பூசியது என்றால் முலாம் என்றே எழுத வேண்டும். தங்கத்தைப் பவுண் கணக்கில் பார்த்துப் பழகிய ஊர் இது, மகளுக்கு நகை சேர்க்கிற தாய்க்கு இதில் பொய் சொல்வதைப் போல அநியாயம் வேறில்லை. அதேமாதிரி விசைத்தறியில் வந்த துணியைக் கைத்தறி என்று ஒரு ஸ்டோலில் சொன்னால், அந்தச் சந்தேகம் பக்கத்து ஸ்டோலில் உண்மையாக நெய்து கொண்டுவந்தவர் மேலும் விழும்.

விளம்பரத்துக்கு வந்தால் எனக்குப் பிடிக்காத முதல் பழக்கம் "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்". ஒரு தோட்டின் விலையைக் கேட்க ஏன் ஒருவர் மெசேஜ் போட்டுக் காத்திருக்க வேண்டும்? பத்துப் பேரில் எட்டுப் பேர் கடந்து போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன். விலையைப் போடுங்கள், தபால் செலவைப் போடுங்கள், எந்த ஊருக்கெல்லாம் அனுப்புவீர்கள் என்று போடுங்கள்.

படம் எடுக்கிற விதமும் மாற வேண்டும். கல்லடிப் பாலமும் கடற்கரையும் அழகுதான், ஆனால் சூரியன் இறங்குகிற நேரத்தில் தூரத்தில் நின்று எடுத்த படத்தில் சாரியின் முந்தானையும் தெரியாது, கரையும் தெரியாது. ஒரு பொருளுக்கு மூன்று படம் போதும்: வெறும் வெள்ளைப் பின்னணியில் ஒன்று, உடுத்தோ அணிந்தோ ஒன்று, நெசவையோ கொக்கியையோ கிட்டத்தில் காட்டி ஒன்று. பத்திரிகைக்காரர் கேட்பது அந்த வெள்ளைப் பின்னணிப் படத்தைத்தான். அதை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துதான் போய்ச் சேரும், டொக்கியுமெண்டாக அல்லது இமெயிலில் அனுப்புங்கள். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் முகம் தெரியப் படம் போடுவதைப் பல பெண்கள் விரும்புவதில்லை. கழுத்தும் கையும் மட்டும் தெரிந்தாலே நகைக்குப் போதும். வாடிக்கையாளரின் கல்யாணப் படத்தைக் கேட்காமல் எடுத்து உங்கள் பக்கத்தில் போடுவது எந்த ஊரிலும் கூடாது.

ஒரு நிருபருக்குச் செய்தி அனுப்பும்போது "தரமான, நேர்த்தியான, மனதைக் கவரும்" என்று எழுதினால் அவருக்கு அதில் செய்தி ஒன்றும் இல்லை. என்ன புதிதாக நடக்கிறது என்பதை முதல் வரியில் சொல்லுங்கள்: மூடிக் கிடந்த ஐந்து தறி திரும்ப ஓடத் தொடங்கியிருக்கிறது, அல்லது தறியில் மிஞ்சிய துணித் துண்டில் தோடு செய்கிறோம். அதை எழுத அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். டிக்டொக், இன்ஸ்டகிராமில் பெயர் எடுத்தவர்களுக்கு இலவசமாகப் பொருள் கொடுப்பதற்கு முன்னால், அவரைப் பார்க்கிறவர்கள் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள், அவருடைய கணக்கிலேயே அந்த விபரம் இருக்கும், ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பச் சொல்லலாம். பார்ப்பவர்களில் பாதிப் பேர் சென்னையில் இருந்தால், அங்கே அனுப்ப உங்களுக்கு வழியும் இல்லை என்றால், அந்தச் சாரி போனது போனதுதான்.

காலம் தவறுவதும் பெரிய நட்டம். நோன்புப் பெருநாளுக்குக் கடையில் தொங்க வேண்டிய உடுப்பை நோன்பு தொடங்கிய பிறகு கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரர் கையை விரிப்பார், அவர் எப்போதோ வாங்கி முடித்திருப்பார். பெருநாள் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முந்தி வருகிறது, ஆகவே போன வருடக் கலண்டரை வைத்து வேலையை ஆரம்பிக்காதீர்கள். ஆடியில் இந்துக் கல்யாணம் குறைவு, ஆவணிக்கான நகையையும் சாரியையும் ஆடிக்கு முன்பே காட்டிவிட வேண்டும். அறுகம்பையில் சீசன் மே அளவில் சூடு பிடிக்கிறது, அங்கே சின்னக் கடை வைத்திருப்பவர்களிடம் மார்ச், ஏப்ரலிலேயே போங்கள். பையில் மடித்து வைக்கக்கூடிய சாரம், பாரமில்லாத தோடு, காலுக்குப் போடுகிற மணி இவைதான் அங்கே போகும். வெளிநாட்டு வாடிக்கையாளரைத் தேடிக் கொழும்புக்கு ஓடுகிறவர்கள் அறுகம்பை இருக்கிற பொத்துவிலை மறந்துவிடுகிறார்கள் என்பது என் பெரிய ஆதங்கம்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் பிராண்டின் பெயரும் லோகோவும் உங்களுக்கே உரியவை என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, வர்த்தகக் குறி வேறு. பிராண்டின் பெயரையும் லோகோவையும் காக்கிற அந்த வர்த்தகக் குறியைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதியும்போது பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள்: நகை 14ஆம் வகுப்பில் வரும், உடுப்பு 25ஆம் வகுப்பில் வரும், இரண்டும் செய்கிறீர்கள் என்றால் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஸ்டோலில் பெரிதாகப் பெயர்ப்பலகை தொங்கவிடும் முன்னர் இந்த விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

கண்காட்சி முடிந்து வீட்டுக்கு வந்து அலுப்பில் படுத்து, பதினைந்து நாள் கழித்து அந்த விசிட்டிங் கார்டுகளை எடுத்துப் பார்த்தால் யார் எவர் என்று ஒன்றும் ஞாபகம் வராது. கார்டு வாங்கிய உடனே அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள்: எந்தத் தோட்டைக் கையில் எடுத்தார், எத்தனை கேட்டார், எந்த மாதத்துக்கு. ஒரு கிழமைக்குள் அவர் கையில் எடுத்த அந்தப் பொருளின் படம், மொத்த விலை, எத்தனை நாளில் தரலாம் என்பதை மட்டும் அனுப்புங்கள். நாற்பது படத்தை ஒன்றாகக் கொட்டினால் அவர் திறந்தே பார்க்கமாட்டார்.

ஓடர் வந்த சந்தோஷத்தில் எதற்கும் சரி சொல்லிவிடுவதுதான் கடைசித் தவறு, காசைக் கரைப்பதும் இதுதான். "வைத்துவிட்டுப் போங்க, வித்த பிறகு காசு" என்பார்கள், அல்லது மூன்று மாதம் கழித்து மாற்றுகிற திகதி போட்ட செக் தருவார்கள். நூல்காரரும் நெசவாளரும் மூன்று மாதம் காத்திருப்பார்களா? முதல் ஓடருக்குப் பாதிக் காசு முற்பணம் கேளுங்கள், மீதி சரக்கைக் கொடுக்கும்போது. விற்ற பிறகு காசு என்பதற்கு ஒத்துக்கொண்டால் பத்துப் பொருளுக்கு மேல் வைக்காதீர்கள், என்னென்ன வைத்தீர்கள் என்று இரண்டு பிரதி எழுதி இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள், மாதம் ஒரு தடவை போய் எண்ணிப் பாருங்கள். 200 சாரி கேட்டு உங்களிடம் நான்கு தறிதான் ஓடுகிறது என்றால், "60 இந்தத் திகதிக்குத் தருவேன், மீதியைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்று சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடைக்காரரிடம் அந்த ஓடரை எடுக்க வேண்டாம்.