சிறிய ஊர்ப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் படிப்பது எப்படி

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வெளியானதும் காவிரிப் படுகையின் சிற்றூர்களில் ஒரே ஓர் எண்தான் பேசப்படுகிறது. பள்ளி வாயிலில் பிளக்ஸ் கட்டுவதும், டீக்கடையில் தலைமையாசிரியரைத் திட்டுவதும் அந்த ஒற்றை விழுக்காட்டை வைத்துத்தான். மாணவர்களை வரிசைப்படுத்தும் ரேங்க் முறையை அரசு 2017-ஆம் ஆண்டு கைவிட்டுவிட்டாலும், பள்ளிகளை வரிசைப்படுத்தும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. பெற்றோராகவோ பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராகவோ நீங்கள் அந்த எண்ணைச் சரியாகப் படிக்க விரும்பினால், பின்வருமாறு செய்யலாம்.

முதலில் விழுக்காட்டை மறந்துவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். கணக்குக்காக ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே 24 பேர் தேர்வெழுதி 22 பேர் தேறினால் தேர்ச்சி 91.67 விழுக்காடு. இன்னும் ஒரே ஒரு பிள்ளை கணக்கில் 34 மதிப்பெண்ணோடு நின்றிருந்தால் அது 87.5 ஆக இறங்கிவிடும். 400 பேர் எழுதும் நகரத்துப் பள்ளியில் ஒருவரின் தோல்வி கால் விழுக்காடுதான். இங்கே அது நான்கு விழுக்காட்டுக்கு மேல். ஆகவே சிறிய பள்ளியின் முடிவை ஓராண்டை வைத்து மதிப்பிடாமல், மூன்று ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். நம் பள்ளியில் அடுத்த ஆண்டு 19 பேர் எழுதி 19 பேரும், அதற்கடுத்த ஆண்டு 28 பேர் எழுதி 23 பேரும் தேறினார்கள் என்றால், ஆண்டுவாரியாக 91.67, 100, 82.14 என்று ஏறி இறங்கும். மூன்றையும் சேர்த்தால் 71 பேரில் 64 பேர், அதாவது 90 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இடையில் 100 வந்த ஆண்டு பொன்னாடை பெற்ற தலைமையாசிரியரே மறு ஆண்டு விளக்கக் கடிதம் எழுத நேர்வது இந்தக் கணக்கைப் பார்க்காததால்தான்.

பழைய ஆண்டுகளைச் சேர்க்கும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. கொரோனாவால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பொதுத்தேர்வே நடக்காமல் அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டதால், அவற்றை எந்த ஒப்பீட்டிலும் சேர்க்கக் கூடாது. மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2020 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய நாகப்பட்டினம் மாவட்டக் கணக்கில் மயிலாடுதுறை, சீர்காழி வட்டாரப் பள்ளிகளும் அடங்கியிருந்தன என்பதால், இரு மாவட்டங்களின் இன்றைய எண்களைப் பழைய எண்ணோடு ஒப்பிட்டு ‘முன்னேற்றம்’ என்றோ ‘சரிவு’ என்றோ சொல்வது பிழையாகும்.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது: தேர்வெழுதாதவர்கள். விழுக்காடு தேர்வெழுதியோரிலிருந்து மட்டுமே கணக்கிடப்படுகிறது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், பிள்ளைகள் முதன்முதலாகச் சலிக்கப்படுவது ஒன்பதாம் வகுப்பில்தான். நம் பள்ளியில் தேர்வெழுதிய அந்த 24 பேர் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது 31 பேராக இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடுபட்ட எழுவரில் மூவர் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டனர். இருவர் பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில் (தேர்வெழுத வேண்டியோர் பட்டியலில்) பெயர் இருந்தும் தேர்வன்று ஆப்சென்ட். இருவர் படிப்பையே விட்டுவிட்டனர். மாறிப்போன மூவரைக் கழித்துவிட்டு 28 பேரில் 22 பேர் என்று கணக்கிட்டால் 78.57 விழுக்காடுதான் வருகிறது. பேனரில் எழுத வேண்டிய எண் எது என்று நான் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இரண்டாவதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், கணக்கில் பின்தங்கிய ஒரு பையனின் தந்தையை ஜூன் மாதத்திலேயே அழைத்து, ‘ஐயா, டி.சி. வாங்கிக்கொண்டு பிரைவேட்டாக எழுதச் சொல்லுங்கள், அவனுக்கும் நல்லது, பள்ளிக்கும் நல்லது’ என்றார்கள். அவர் தலையாட்டிவிட்டு வந்தார். பையன் அதே மாதம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அந்த ஆண்டு பள்ளியின் தேர்ச்சி 100 விழுக்காடு.

இந்த விவரங்களைப் பெறுவது கடினமன்று. தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கையை, நாடெங்கும் உள்ள பள்ளிகளின் விவரங்களைத் தொகுக்கும் ஒன்றிய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியின் 11 இலக்கக் குறியீட்டைக் கொண்டும் சரிபார்க்கலாம். இரண்டும் பயன்படாவிட்டால், மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு அனுப்பினால், 30 நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும். பிள்ளைகளின் பெயரைக் கேட்காதீர்கள்; எண்ணிக்கை மட்டும் போதும்.

எண்ணிக்கை கைக்கு வந்தபின் பாடவாரியாகப் பிரியுங்கள். ஐந்து பாடங்களிலும் தோல்வி பரவியிருந்தால் ஒரு காரணம், ஒரே பாடத்தில் குவிந்திருந்தால் வேறு காரணம். கணக்கில் மட்டும் நால்வர் தவறியிருந்தால், அந்தப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை காலியாக இருந்தது என்று கேளுங்கள். தேறியவர்களில் எத்தனை பேர் 35-க்கும் 40-க்கும் இடையில் நிற்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகளைக் கொண்டு கரையேற்றப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பதினோராம் வகுப்புக் கணக்கு சுமையாகிறது.

வருகைப் பதிவேட்டையும் மாதவாரியாகப் பார்க்க வேண்டும். டெல்டாவில் அரையாண்டுத் தேர்வு வடகிழக்குப் பருவமழையின் வாலில் வருகிறது. அக்டோபர் தொடங்கி மழை விடுமுறைகள் பாடத்தைத் தின்றுவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் வீட்டை இழந்த வேதாரண்யம் பகுதிப் பிள்ளைகள் நான்கே மாதத்தில் பொதுத்தேர்வு எழுதினார்கள். அந்த ஆண்டு எண்ணை மற்ற ஆண்டு எண்களோடு அப்படியே வைத்துப் பேசுவது நியாயமாகாது.

உயர்நிலைப்பள்ளியில் பதினோராம் வகுப்பு இல்லை என்பதால், தேறியவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்பதும் இந்தக் கணக்கின் பகுதியே. மேல்நிலைப்பள்ளிக்கு இத்தனை பேர், ஐ.டி.ஐ.க்கு இத்தனை பேர், பாலிடெக்னிக்குக்கு இத்தனை பேர், எங்கும் சேராதவர் இத்தனை பேர் என்று ஜூலையில் ஒரு தாளில் எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். பஸ் பாஸ் இருந்தும் காலை பஸ் நேரத்துக்கு வராததால் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகாமல் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி இருந்தால்கூட, அதைத் தீர்மானமாக எழுதி ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் கொண்டுபோகலாம்.

அதே கூட்டத்தில், இப்போது ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டு, தேதியோடு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.