கழுத்தில் லைன் இருக்கும்போது வரும் நடுக்கம் மலைக்குளிர் இல்லை

ஏற்காட்டில் யாராவது நடுங்கினால் நாங்கள் முதலில் தேடுவது கம்பளியைத்தான். அம்மாவுக்குக் கழுத்தில் டயாலிசிஸ் லைன், அதாவது ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷினுக்குக் கொண்டுபோகும் குழாய், போட்ட ஐந்தாவது வாரம், சேலத்தில் டயாலிசிஸ் முடித்து மலை ஏறிக்கொண்டிருந்தோம். பாதி வளைவுகூடத் தாண்டவில்லை, அம்மாவுக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. "பனி எறங்கிருச்சு கண்ணு, கண்ணாடிய ஏத்து" என்றார். ஏற்றினேன். வீட்டுக்குப் போய் சுக்குக் காப்பி, இரண்டு கம்பளி, முன்பு எப்போதோ மெடிக்கலில் வாங்கி மீந்துபோன ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்று. மறுநாள் காலையில் அம்மா என்னைப் பார்த்து "நீ யாரு" என்று கேட்டபிறகுதான் வண்டியைக் கீழே திருப்பினேன். ரத்தத்தில் கிருமி. அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த ஒரு ராத்திரியை நான் வீணாக்கியிருக்கக் கூடாது.

அதனால் கழுத்திலோ நெஞ்சிலோ தொடையிலோ லைன் வைத்து டயாலிசிஸ் செய்யும் வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். டாக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்த லைன் நம் வீட்டில்தான் இருக்கிறது.

கழுத்திலோ நெஞ்சிலோ போட்ட குழாயின் உள்முனை இதயத்தின் வாசலில் இருக்கிறது, வெளிமுனை நம் சட்டைக்குள். தோலில் சாதுவாக இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் மாதிரிக் கிருமிகள் குழாய் ஓரமாகவோ மூடியைத் திறக்கும்போதோ உள்ளே போனால், குழாயின் உள்சுவரில் பாசி மாதிரிப் படிந்து உட்கார்ந்துகொள்ளும். மெஷின் ஓட ஆரம்பித்து ரத்தம் வேகமாகப் போகும்போது அந்தப் பாசி கலைந்து உடம்பெல்லாம் பரவும். டயாலிசிஸ் நடக்கும்போதோ முடிந்த கொஞ்ச நேரத்திலோ குளிர் நடுக்கம் வருவது அதனால்தான். எங்களுக்கு அது மலை ஏறும் நேரமாக அமைந்துவிட்டது, பழியைப் பனிமேல் போட்டுவிட்டோம்.

இனி நடுக்கம் வந்தால் என்ன செய்வது? தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் யோசிக்கவே வேண்டாம். கிட்னி பாதித்தவர்களுக்கு உடம்புச் சூடு பொதுவாகவே கொஞ்சம் குறைவாக இருக்கும், அதனால் நல்லா இருக்கிற நாளில் எவ்வளவு காட்டுகிறது என்று காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் காய்ச்சலே இல்லாமல்கூட வரும். சோர்ந்து படுத்துக்கொள்வது, சாப்பாடு வேண்டாம் என்பது, பேச்சு குழறுவது, பிரஷர் இறங்குவது, இதுவே போதும் கிளம்புவதற்கு. லைன் போட்ட இடம் சிவந்திருந்தாலோ, தொட்டால் வலித்தாலோ, சீழ் கசிந்தாலோ அதுவும் அன்றைக்கே காட்ட வேண்டியது. ஆனால் வெளியே சுத்தமாக இருப்பதால் உள்ளேயும் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு வெளியே ஒரு சிவப்புகூட இல்லை.

அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு, மூடுபனி, பஸ் கிடையாது, எல்லாம் தெரியும். அதனால்தான் லைன் போட்ட அன்றைக்கே டயாலிசிஸ் யூனிட் நம்பரையும், கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு வண்டிக்காரர் நம்பரையும் சுவரில் எழுதி வைக்கச் சொல்கிறேன். 108 எப்போதும் இருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலில் காட்டினால், வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது "டயாலிசிஸ் லைன் இருக்கு" என்பதுதான். அவசரத்தில் அந்த லைனிலேயே குளுக்கோஸ் ஏற்றவோ ரத்தம் எடுக்கவோ வந்தால், இது டயாலிசிஸுக்கு மட்டும் வைத்தது, யூனிட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கிற ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான். ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள், பிளட் கல்ச்சர் என்பார்கள், முடிந்தால் லைனிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று. முன்னாடியே மாத்திரை போட்டிருந்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். அப்புறம் எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் இருட்டில் கல் எறிகிற கதைதான். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை டாக்டர் சும்மா இருக்கமாட்டார், ரத்தம் எடுத்த கையோடு ஊசி ஆரம்பிப்பார். பல சமயம் லைனையே எடுத்துவிட்டு வேறு போட வேண்டியிருக்கும். "இப்பத்தானே இவ்வளவு செலவு பண்ணிப் போட்டோம்" என்று மல்லுக்கட்டாதீர்கள், பாசி பிடித்த குழாயை வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் ஊற்றினால் கிருமி திரும்ப வரும். ஊசி இரண்டு மூன்று வாரம் போகும், சில கிருமிக்கு ஆறு வாரம்கூட ஆகும். காய்ச்சல் விட்ட நான்காவது நாளே நிறுத்திவிடலாமா என்று கேட்காதவர் யாருமில்லை, நானும் கேட்டேன். கூடாது. கிருமி இதய வால்விலோ முதுகெலும்பிலோ போய் ஒளிந்துகொள்ளும். சிகிச்சைக்கு அப்புறம் புதிதாக முதுகுவலி வந்தால் தைலம் தேய்த்துவிட்டு உட்காராமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் வராமல் வீட்டில் பார்த்துக்கொள்வதில் முக்கியமானது, ஈரம் படாமல் பார்த்துக்கொள்வது. ஷவர், குளம், அருவி எதுவும் கிடையாது. இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் (தொடையில் லைன் இருந்தால் அதுவும் இல்லை), மேலே ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. தலைக்கு ஊற்றியே ஆக வேண்டும் என்று அம்மா அடம்பிடிப்பார், அதற்கு நாங்கள் கண்ட வழி, நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் போட்டு, இன்னொருவர் ஊற்றுவது. அதையும் டயாலிசிஸ் நாள் காலையில்தான் செய்வோம். தப்பித்தவறிக் கட்டு நனைந்தாலும் சில மணி நேரத்தில் யூனிட்டில் மாற்றிவிடுவார்கள்.

மலையில் மழையும் பனியும் என்றால், கீழே சேலத்தில் சித்திரை வெயில். பேருந்தில் வந்து இறங்குவதற்குள் வியர்வையில் கட்டு ஊறிப்போகும். வியர்க்கிறவர்களுக்குக் கண்ணாடி மாதிரி ஒட்டும் பிளாஸ்திரியைவிட காஸ் துணிக் கட்டு மேல், ஆனால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும், யூனிட்டில் கேளுங்கள். கட்டு நனைந்தாலோ கழன்றாலோ அடுத்த நாள் வரை விடக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் கட்டி, வீட்டில் வாங்கி வைத்திருக்கும் சுத்தமான காஸால் மூடிவிட்டு யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள். மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய், எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆடியில் கோட்டை மாரியம்மன் தீர்த்தம் தெளிக்க வருகிறவர்களிடம்கூட நான் கையை நீட்டி மறித்திருக்கிறேன், ஆத்தா கோபித்துக்கொள்ளமாட்டாள்.

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, ஜாக்கெட். தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் லைனை இழுத்துவிடும். தாலிக்கொடி அந்தப் பக்கம் உரசினால் மறுபக்கம் ஒதுக்கிப் பின் குத்துங்கள். லைன் பக்கமாகப் படுக்கக் கூடாது, பக்கத்தில் கத்திரிக்கோல், ரேஸர் எதுவும் வேண்டாம். மூடி கழன்றால் முதலில் கிளாம்ப் (குழாயை இறுக்கி அடைக்கும் கிளிப்) போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தோலுக்கும் கிளாம்புக்கும் நடுவில் குழாயைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். காற்று உள்ளே போனாலும் ஆபத்து, ரத்தம் வெளியே வந்தாலும் ஆபத்து. லைனே உருவி வந்துவிட்டால், படுக்க வைத்து, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

யூனிட்டில் லைனைத் திறக்கும்போதும் மூடும்போதும் டெக்னீஷியனுக்கும் நோயாளிக்கும் மாஸ்க் இருக்க வேண்டும், கை சுத்தம் செய்து கிளவுஸ் போட வேண்டும், குழாய் முனையை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேய்க்க வேண்டும், லைன் தோலுக்குள் போகும் இடத்தைக் குளோர்ஹெக்ஸிடின் என்கிற கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும். அந்த நேரம் போன் பேசுவது, முகத்தைக் கிட்டே கொண்டுபோவது வேண்டாம். மூன்று ஷிஃப்ட் ஓடுகிற இடத்தில் ஒருநாள் மறக்கத்தான் செய்யும். குற்றம் சொல்கிற மாதிரிக் கேட்டால் முகம் சுருங்கும். அம்மா அவர் பாணியில் "மாஸ்க் எங்க கண்ணு, எனக்கும் ஒண்ணு குடு" என்பார், சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் போட்டுக்கொள்வார்கள்.

லைன் என்பது ஃபிஸ்டுலா தயாராகும்வரை கட்டிய தற்காலிகப் பாலம்தான். கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் இந்த ஆபரேஷனை 1966லேயே அமெரிக்க டாக்டர்கள் எழுதிவிட்டார்கள், இன்றைக்கும் கிருமி பயம் மிகக் குறைவு அதில்தான். ஆனால் முற்ற ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம்வரை ஆகும். அதனால் லைன் போட்ட வாரமே ஃபிஸ்டுலா எப்போது என்று கேளுங்கள். அதற்காக ஒதுக்கிய கையில் யாரையும் ஊசி குத்தவோ பிரஷர் பார்க்கவோ விடாதீர்கள். போட்ட பிறகு தினமும் காலையில் விரல் வைத்துப் பாருங்கள், பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்க வேண்டும். அதிர்வு நின்றால் அன்றைக்கே போன்.

ஃபிஸ்டுலாவில் ஊசி குத்தி டயாலிசிஸ் நன்றாக ஓட ஆரம்பித்ததும், "இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்" என்று லைனை வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். எடுக்கும்போது மல்லாக்கப் படுக்க வைத்து, எடுத்ததும் நன்றாக அழுத்தி, காற்றுப் புகாமல் ஒட்டுவார்கள். அந்தக் கட்டை எப்போது பிரிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அம்மா அன்று சாயங்காலமே சீயக்காயை எடுத்து வைத்துவிட்டார். ஓட்டை மூடி டாக்டர் சரி சொல்லும்வரை அது அலமாரியிலேயே இருந்தது.