தலாப்பியாவுக்குள் பாக்டீரியா நுழையும் வழிகள்: நோயுற்ற மீனைப் பரிசோதிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பகுதியில் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியோ கான்வாஸ் தொட்டியோ அமைத்துச் சிவப்புத் தலாப்பியா வளர்க்கத் தொடங்குவோர், மீன் செத்து மிதந்ததும் என்ன மருந்து போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிருமி எந்த வழியாக உள்ளே போனது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல இயலாது. ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நன்னீரில் எப்போதும் இருப்பவை; மீனின் காப்பு தளரும்போதுதான் அவை நோயை உண்டாக்குகின்றன.

படி 1: விடியற்காலையில், தீனி போடும் முன் தொட்டியைக் கவனியுங்கள். இரவு முழுவதும் மீனும் பாசியும் உயிர்வளியைச் செலவழித்திருப்பதால் அந்நேரத்தில்தான் அது மிகவும் குறைந்திருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருப்பது நல்லது. 3-க்குக் கீழே இறங்கினால் மீன் நலிந்து, கிருமிக்கு இடம்கொடுத்துவிடும்.

படி 2: கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள். உலர்ந்த கை, உடலைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தை வழித்தெடுத்துவிடும். அப்படலத்தில்தான் கிருமியைக் கொல்லும் நொதிகள் உள்ளன. வலை உரசிச் செதில் உதிர்ந்த இடமும் அட்டையோ ஒட்டுண்ணியோ கடித்த இடமும் ஏரோமோனாஸுக்குத் திறந்த கதவுகள். அதன் நச்சு இரத்த அணுக்களையும் நுண்குழாய்ச் சுவர்களையும் சிதைப்பதால், துடுப்புகளின் அடியில் சிவப்புத் திட்டுகள் தோன்றி, பின்னர் புண்ணாகி, வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நிற்கும்.

படி 3: செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நலமான செவுள் செக்கச்செவேலென்று இருக்கும். மஞ்சள் கலந்த வெண்மையாய் ஓரங்கள் அழுகியிருந்தால் ஃபிளேவோபாக்டீரியம் காலம்னேர் என்ற கிருமியைச் சந்தேகிக்கலாம். இரத்தத்துக்கும் நீருக்கும் இடையே செவுளில் இருப்பது மிக மெல்லிய திசுதான்; மிஞ்சிய தீனியிலிருந்தும் கழிவிலிருந்தும் பெருகும் அம்மோனியா அதைப் புண்படுத்திவிட்டால் கிருமியின் வேலை எளிதாகிவிடும்.

படி 4: கண்ணையும் நீச்சலையும் பாருங்கள். கண் பிதுங்கி, வெண்படலம் படர்ந்து, மீன் சுழன்று சுழன்று நீந்தினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஐயம் வலுக்கிறது. செத்த மீனைக் கொத்தித் தின்னும்போது இக்கிருமி குடல் வழியே புகக்கூடும். செவுள் வழியாகவும் நுழையும். இரத்தத்தில் கலந்து மூளையுறையை அடைவதால்தான் மீன் சமநிலை இழக்கிறது. நீர் 30 பாகை செல்சியசைத் தாண்டும் வெயில் நாட்களில், விற்பனைக்குத் தயாரான பெரிய மீன்களே அதிகம் மடிவது இந்நோயின் கொடுமை.

படி 5: செத்தவற்றை உடனே அகற்றிச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள்; தீனியைக் குறையுங்கள்; காற்றடிப்பானை இரவிலும் நிறுத்தாதீர்கள்; ஒரு தொட்டியின் வலையையும் வாளியையும் இன்னொரு தொட்டியில் பயன்படுத்தாதீர்கள். ஆய்வகத்துக்கு உயிரோடிருக்கும் நோயுற்ற மீனையே கொண்டுசெல்லுங்கள், ஏனெனில் செத்து மிதந்த மீனில் நீரிலுள்ள பிற கிருமிகள் மண்டிவிடும். ஆய்வக முடிவு வருமுன் எவரோ தந்த மாத்திரையைத் தீனியில் கலப்பது வீண் என்பேன். நோய் முற்றிய மீன் தீனியையே தொடாது.

மீனை அறுக்கும்போது கையுறை அணியுங்கள். 2015-இல் சிங்கப்பூரில் நன்னீர் மீனைச் சமைக்காமல் பச்சையாக உண்டவர்களைத் தாக்கியது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற பாக்டீரியாதான். தலாப்பியாவின் மூளையைத் தாக்குவதும் அதே இனம். நன்கு வெந்த மீனில் அந்த அச்சம் இல்லை.