ரெட் டாட்டுக்குப் பதில் இரும்பு சைட்: ஏர் பிஸ்டலுக்குத் தேர்ந்தெடுக்கும் முறை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகச் சுடப் பழகும் சிலர் ரெட் டாட் (குறிபார்க்க ஒளிப்புள்ளி காட்டும் கருவி) பொருத்திய ஏர் பிஸ்டலோடு, அதாவது காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கியோடு, தொடங்குகிறார்கள். புள்ளியை இலக்கின்மேல் வைத்தால் போதும் என்பதால் அது சுலபம்தான். ஆனால் போட்டிக்குப் போக ஆசை இருந்தால் அதைக் கழற்றியாக வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி திறந்த சைட், அதாவது இரும்பு சைட் மட்டுமே செல்லும். பிஸ்டலில் லென்ஸ், லேசர், ஒளிப்புள்ளி எதுவும் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றதும் அப்படிப்பட்ட சைட்டை வைத்துத்தான்.

சைட்டில் கை வைக்கும் முன் பிஸ்டலைத் திறந்து உள்ளே பெல்லட் (சின்னக் குண்டு) இல்லை என்று கண்ணால் பாருங்கள். குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது.

முதலில் ஒரு கணக்கு. குழல் நுனியில் நிற்கும் முன்சைட்டுக்கும், கண் பக்கம் பள்ளத்தோடு இருக்கும் பின்சைட்டுக்கும் நடுவே 320 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்சைட்டின் பள்ளத்துக்குள் முன்சைட் 1 மி.மீ. பக்கவாட்டில் விலகினால், 10 மீட்டர் தள்ளி பெல்லட் சுமார் 31 மி.மீ. விலகும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். நடுவில் விழ வேண்டியது ஏழு புள்ளி வளையத்தில் போய் நிற்கும். ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, கை மட்டும் ஆடி, பிஸ்டல் சாயாமல் அப்படியே 3 மி.மீ. நகர்ந்தால் பெல்லட்டும் 3 மி.மீ.தான் நகரும். அப்போதும் பத்துதான். கை ஆடுவதற்குப் பயப்பட வேண்டாம், சைட் கலைவதற்குத்தான் பயப்பட வேண்டும். எனவே நேராக இருக்கிறதா என்பதை உங்கள் கண்ணுக்கு உடனே காட்டிக்கொடுக்கிற சைட்தான் நல்ல சைட்.

சரி, முன்சைட்டின் அகலம். பல போட்டி பிஸ்டல்களில் 4, 4.5, 5 மி.மீ. என்று மாற்றிக்கொள்ள வழி உண்டு. கையை நீட்டிப் பிடித்தால், இலக்கின் நடுவே உள்ள 59.5 மி.மீ. விட்டமுள்ள கறுப்பு வட்டமும் முன்சைட்டும் ஏறக்குறைய ஒரே அகலமாகத் தெரிவது நல்லது. புதியவர்களுக்கு 4.5 போதும் என்பேன். மெல்லிய சைட் துல்லியம் தரும் என்று நினைத்து வாங்காதீர்கள். கண்தான் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

அடுத்து பின்சைட்டின் பள்ளம். இதற்கு இலக்கே தேவையில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்து, காலி பிஸ்டலை நீட்டிப் பிடியுங்கள். முன்சைட்டின் இரண்டு பக்கமும் வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும், ஒவ்வொன்றும் முன்சைட் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது. கீற்று மெலிந்திருந்தால் முன்சைட் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ரொம்ப அகலமாக இருந்தால் நடுவில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. முதல் சில மாதங்களுக்குக் கொஞ்சம் அகலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ரெட் டாட்டில் பழகிய கண் தானாக இலக்கைத் தேடி ஓடும். இங்கே முன்சைட்தான் கூர்மையாகத் தெரிய வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாக இருக்கட்டும். இந்தப் பழக்கம் மாறத்தான் நாள் பிடிக்கும், அதனால் சுவர்ப் பயிற்சியை விடாதீர்கள்.

நம் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். ஆனால் சுடும் முன் அந்த எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள், பளபளப்பு இருந்தால் விளிம்பு கலங்கும். தேய்ந்து மின்னும் சைட்டுக்குச் சூடத்தின் கரி அருமையான மருந்து. சைட்டைத் தனியே கழற்றி, சூடப் புகையில் காட்டினால் மை போலக் கறுத்துவிடும். காற்றழுத்த சிலிண்டர் உள்ள பிஸ்டலின் பக்கத்தில் மட்டும் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் சுடும் ரேஞ்சுக்குப் போய்ப் பின்சைட்டின் திருகைச் சரிசெய்வது. கறுப்பு வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை தெரியும்படி குறிவைத்து ஐந்து முறை சுடுங்கள். பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்சைட்டை நகர்த்த வேண்டும்: மேலே போக மேலே, வலப்பக்கம் போக வலப்பக்கம். ஐந்தும் ஒரே கொத்தாக விழாமல் சிதறினால் திருகைத் தொடாதீர்கள், மறுபடி ஐந்து சுட்டுப் பாருங்கள்.