கழிப்பறை உப்புக் கறை: ஆசிட் பாட்டிலைத் திறக்கும் முன்

போர் தண்ணீர் ஓடும் மதுரை வீடுகளில் கழிப்பறைக் கோப்பை வெள்ளை வெளேரென்று இருப்பது அபூர்வம். ஃபிளஷ் தண்ணீர் இறங்கும் தடத்தில் பழுப்பு மஞ்சளாக ஒரு கோடு, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு வளையம், விளிம்புக்கு அடியில் கை வைத்தால் சொரசொரவென்று ஒரு படிவு. விருந்தாளி வருகிறார்கள் என்றதும் கடைக்கு ஓடி ஆசிட் வாங்கி ஊற்றுகிறோம். கொஞ்ச நாளில் கறை திரும்பி வந்துவிடுகிறது. அடுத்த முறை இன்னும் கூடுதலாக ஊற்றுகிறோம். இப்படிச் செய்வதில் கறை போகிறதோ இல்லையோ, தரை கெடுகிறது, குழாய் கெடுகிறது, கழுவுகிறவரின் உடம்பும் கெடுகிறது. கறை எதனால் வந்தது என்று பார்க்காமல் கை வைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

படிவை அழுக்கு என்று நினைப்பது

மதுரையும் அதன் சுற்றுவட்டாரமும் கடினப் பாறைப் பூமி. பாறை வெடிப்புகளில் நிற்கும் தண்ணீர் கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டுதான் மோட்டாரில் ஏறி வருகிறது. அந்தத் தண்ணீர் கோப்பையில் ஒட்டிக் காயும்போது, அதில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் கரியமில வாயுவை வெளியே விட்டுவிட்டு கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்புக்கல் எந்தப் பொருளோ அதே பொருள்தான் இது. இட்லிக் கொப்பரையின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பதும் இதுவே. சித்திரை வெயிலில் தண்ணீர் சீக்கிரம் காய்வதால் படிவும் சீக்கிரம் சேர்கிறது.

ஆக, நாம் எடுக்க வேண்டியது கல்லை. சோப்புத் தூளும் பினாயிலும் கல்லை ஒன்றும் செய்யாது. எவ்வளவு தேய்த்தாலும் கைதான் வலிக்கும். அமிலத்தன்மை உள்ள ஏதாவது ஒன்றுதான் அதைக் கரைக்கும்.

தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லை என்றால் 600 வரை ஏற்கலாம் என்றும் குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. உங்கள் போர் தண்ணீர் இதில் எந்த இடத்தில் நிற்கிறது என்று தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். டிடிஎஸ் மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்த அளவு. அது வேறு, கடினத்தன்மை வேறு. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து

தண்ணீரை வடித்துவிட்டு, கையுறை போட்ட விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ சொரசொரப்பாக இருந்தால் அது உப்புப் படிவு. மஞ்சளாகத் தடித்து நாற்றமும் சேர்ந்து இருந்தால் சிறுநீரில் உள்ள உப்புகளும் தண்ணீரின் கால்சியமும் சேர்ந்து இறுகியது. இந்த இரண்டும் அமிலத்துக்குக் கரையும்.

செங்காவி நிறத்தில், பெரிதாகச் சொரசொரப்பு இல்லாமல், தண்ணீர் வழியும் தடத்தில் மட்டும் இருந்தால் இரும்புக் கறை. போரிலிருந்து தெளிவாக வரும் தண்ணீர் காற்றுப் பட்டதும் சிவக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். இதில் பிளீச்சிங் பவுடரைப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிளீச்சிங் இரும்பை இன்னும் துருவாக்கி, கறையை அழுத்தமாக்கிவிடும். இரும்புக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் உள்ள துரு நீக்கி கேட்கும். ஆனால் முதலில் உப்புப் படிவைக் கரைத்து எடுத்த பிறகே அதைப் போட வேண்டும். கால்சியத்தோடு சேர்ந்தால் ஆக்சாலிக் அமிலம் தண்ணீரில் கரையாத இன்னொரு உப்பாக மாறி அங்கேயே உட்கார்ந்துவிடும். ஆக்சாலிக் அமிலம் விஷமும்கூட. வெறுங்கையால் தொடக் கூடாது.

கருப்பாக, வழவழப்பாக இருப்பது பூஞ்சை, பாசி வகை. பிளீச்சிங்குக்கு வேலை இருப்பது இங்கே மட்டும்தான். உப்புப் படிவின் மேல் பிளீச்சிங் போட்டால் மஞ்சள் நிறம் வெளுத்து, கறை போய்விட்டது போலத் தெரியும். கல் அப்படியேதான் இருக்கும், அடுத்த அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ள.

பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் சேர்ப்பது

மற்ற தவறுகளில் கெடுவது பீங்கானும் பணமும். இந்தத் தவறில் உயிரே போகலாம். பிளீச்சிங்கும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வேண்டுமென்று யாரும் கலப்பதில்லை. தரைக்குப் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, அது ஊறட்டும் என்று கோப்பைக்குள் அமிலம் உள்ள நீலக் கழிப்பறைத் திரவத்தை ஊற்றுகிறார்கள். இரண்டும் சாக்கடைத் துளையில் சந்திக்கின்றன. குளோரின் காற்றை விடக் கனமானது. அதனால் தரையோரமாகத் தங்கும். குனிந்து உட்கார்ந்து தேய்க்கிறவரின் முகம் இருப்பதும் அதே உயரத்தில்தான். நம் வீட்டுக் கழிப்பறைகளில் பாதிக்கு ஜன்னல் என்று இருப்பது ஒரு சாண் வெண்டிலேட்டர்.

கண் எரிந்து, தொண்டை அடைத்து, இருமல் வந்தால் உடனே எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிடுகிறேன்" என்று உள்ளே இருக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றி அடக்கப் பார்க்கவும் வேண்டாம். கதவைத் திறந்து வைத்துவிட்டு நல்ல காற்றுக்கு வாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108ஐ அழையுங்கள். சில சமயம் சில மணி நேரம் கழித்தும் நெஞ்சு இறுக்கம் வரும். அதனால் சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் அன்று முழுவதும் கவனமாக இருக்க வேண்டும்.

கடையில் விற்கும் கழிப்பறைத் திரவங்களில் சில அமிலம், சில பிளீச்சிங் வகை. பாட்டில் இரண்டுக்கும் ஒரே மாதிரி வளைந்த கழுத்து. ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று போட்டிருக்கிறதா, சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டும் தேவைப்பட்டால் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தண்ணீர் நிறைய ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

தெருவில் வாங்கும் ஆசிட்

சைக்கிளிலும் தட்டுவண்டியிலும் பினாயிலோடு சேர்த்து விற்று வரும் ஆசிட், ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். என்ன செறிவு, யார் அடைத்தது என்று எதுவும் எழுதியிருக்காது. கடையில் விற்கும் பெயர் பெற்ற நீலத் திரவங்களில் அமிலம் சுமார் 10 சதவீதம். தொழிற்சாலைத் தரத்தில் வரும் ஆசிட் 30 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். ஆசிட் சில்லறை விற்பனையில் வாங்குகிறவரின் விவரத்தையும் காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. அப்படியும் பழைய குளிர்பான பாட்டிலில் அடைத்து வாசலிலேயே கிடைக்கிறது.

அந்தப் பாட்டிலுக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். தண்ணீர் பாட்டில் மாதிரியே இருப்பதைக் குளியலறை மூலையிலோ அடுப்படி ஸிங்க் அடியிலோ வைக்கிறோம். தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்கு அது ஆசிட் என்று எப்படித் தெரியும்? தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்ட தொண்டை, வரும்போது மறுபடி சுடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மதுரையில் பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும். சோடா மாவு போட்டு அமிலத்தை முறிக்கப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் இந்த வேலையைச் செய்வது வீட்டுக்காரர் இல்லை, வேலைக்கு வரும் அக்கா. ஆசிட் பாட்டிலையும் ஒரு பிரஷையும் கையில் கொடுத்துவிட்டு நாம் ஹாலில் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் செருப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன் அல்லது திறந்த கதவு. இவை இல்லாமல் அவர்களிடம் அந்த வேலையைச் சொல்லவே கூடாது.

என்னைக் கேட்டால் வீட்டுக்குத் தெரு ஆசிட் தேவையே இல்லை. நீலத் திரவம் போதும், பொறுமையாக விட்டால்.

ஊற்றிய கையோடு தேய்ப்பது

வீட்டில் நடப்பது இதுதான்: தேங்கிய தண்ணீரின் மேலேயே திரவத்தை ஊற்றி, உடனே நாலு இழுப்பு இழுத்து, தண்ணீர் விட்டுவிடுவது. 10 சதவீத அமிலம் தேங்கிய தண்ணீரில் கலந்ததும் 1 சதவீதம்கூடத் தேறாது. கல்லைக் கரைக்க அதற்கு நேரமும் கிடைப்பதில்லை.

முதலில் ஃபிளஷ் டேங்குக்கு வரும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். ஒருமுறை ஃபிளஷ் செய்து, மிச்சத் தண்ணீரைப் பிரஷால் குத்தி உள்ளே தள்ளி மட்டத்தை இறக்குங்கள். அப்புறம் விளிம்புக்கு அடியிலிருந்து சுற்றிலும் திரவத்தை விடுங்கள். 20 நிமிடம், படிவு தடிப்பாக இருந்தால் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நுரை பொங்குவது கல் கரைகிறது என்பதற்கு அடையாளம். கரியமில வாயுதான் அப்படி வெளியேறுகிறது. நுரை அடங்கிய பிறகும் கல் மிச்சமிருந்தால் கழுவிவிட்டு மறுபடி புதிதாக விடுங்கள். பல வருடப் படிவு ஒரே நாளில் போகாது. வாரம் ஒருமுறை வீதம் போகட்டும்.

விளிம்புக்கு அடியில் உள்ள துளைகள் அடைத்து, ஃபிளஷ் வேகமே இல்லாமல் போய், பிளம்பரைக் கூப்பிடுகிற வீடுகள் உண்டு. அங்கே திரவம் நிற்காமல் வழிந்துவிடும். பழைய பருத்தித் துணியைக் கீற்றாகக் கிழித்து, திரவத்தில் நனைத்து, கையுறையோடு விளிம்புக்குள் சொருகி வையுங்கள்.

காரமான ஆசிட் வாடையே ஆகாது என்கிறவர்களுக்கு சிட்ரிக் அமிலம் இருக்கிறது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் கரைத்து இரவு ஊற்றி வைத்தால் காலையில் தேய்க்க எளிதாக இருக்கும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும். இதையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது.

வினிகரில் ஆப்ப சோடாவைக் கலந்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சுரண்டுவது

கம்பி நார், உப்புத்தாள், பிளேடு எதுவும் ஆகாது. பீங்கானின் மேல்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தால் அடுத்த படிவு அங்கேதான் முதலில் பிடிக்கும். நைலான் பிரஷ் போதும்.

தரையை மறப்பது

கோப்பையின் பீங்கான் இந்த அமிலத்தைத் தாங்கும். பக்கத்தில் இருப்பவை தாங்காது. மொசைக் தரையில் இருப்பது சிமெண்டும் மார்பிள் சில்லும். ஆத்தங்குடிக் கல் சிமெண்ட். கடப்பா கல்லோ சுண்ணாம்புக்கல்லேதான். கோப்பையில் கல்லைக் கரைக்கிற அமிலம் இவற்றையும் அதே வேகத்தில் கரைக்கும். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். டைல்ஸ் தரைக்குப் பயமில்லை, ஆனால் இடுக்கில் உள்ள சிமெண்ட் போய்விடும், கீழ்வீட்டில் ஒழுகும்போதுதான் தெரியவரும். குரோமியப் பூச்சுக் குழாயும் கதவுக் கீலும் ஆவி பட்டே கறுக்கும்.

ஃபிளஷ் டேங்குக்குள் திரவத்தை ஊற்றுவதும் கூடாது, ரப்பர் வாஷர்கள் கெட்டுவிடும். பாதாளச் சாக்கடை வராத புறநகர்ப் பகுதிகளில் செப்டிக் டேங்க்தான் எல்லாம். தினமும் பிளீச்சிங்கும் ஆசிட்டும் போனால் அங்கே கழிவைச் செரிக்கிற பாக்டீரியா சாகும். டேங்க் சீக்கிரம் நிறையும்.

ஒழுகலைப் பார்க்காமல் கறையைத் துடைப்பது

ஒரே இடத்தில் மட்டும் கோடு திரும்பத் திரும்ப வருகிறதா? ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறது. நூல் போல வழியும் தண்ணீர் நாள் முழுக்க உப்பைக் கொண்டுவந்து அதே தடத்தில் சேர்க்கிறது. டேங்குக்குள் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் உள்ளே இருக்கும் வாஷரை மாற்ற வேண்டும். ஒரு வாஷரின் விலை ஒரு பாட்டில் திரவத்தின் விலையைத் தாண்டாது. அதை மாற்றாமல் மாதா மாதம் கோட்டோடு போராடுவதில் பயனில்லை.

இவ்வளவும் செய்து, படிவு முழுக்கக் கரைந்து, காய்ந்த பிறகு தடவினாலும் பீங்கான் சொரசொரப்பாகவே இருந்தால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். அதைத் திரும்பக் கொண்டுவரும் திரவம் கிடையாது. அதற்கு மேல் செலவழிக்கும் பணத்தைச் சேர்த்து வைத்துப் புதுக் கோப்பை வாங்கிவிடலாம்.