பழைய அப்ரைட் பியானோவின் அசல் மெருகை மீட்டெடுப்பது எப்படி?

முதல் உலகப் போருக்கு முன் லண்டனில், குறிப்பாகக் கேம்டன் டவுன் பகுதிப் பட்டறைகளில், செய்யப்பட்ட அப்ரைட் பியானோக்கள் பலவற்றுக்கு அவலரக்கை (ஷெல்லாக்) சாராயத்தில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ்தான் பூசப்பட்டது. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து சென்றது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அரக்கு சாராயத்தில் மீண்டும் கரையும். ஆகவே, கறுத்து வெடித்த மெருகைச் சுரண்டி எறியாமல், அதையே இளக்கி மறுபடி படியச் செய்ய முடியும். சுரண்டினால், காலம் தந்த நிறத்தோடு மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீரும் போய்விடும். அதைத் திரும்பப் பெற வழியில்லை.

முதலில், பூசப்பட்டிருப்பது அரக்குதானா என்று பாருங்கள். கீழ்ப்பலகையின் உட்புற ஓரம் போன்ற மறைவான இடத்தில், மெத்திலேட்டட் ஸ்பிரிட் (குடிக்க இயலாதபடி ஆக்கப்பட்ட சாராயம்) நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்தெடுங்கள். பரப்பு பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்கு. ஒன்றும் ஆகாவிட்டால் எண்ணெய் வார்னிஷாகவோ, 1920களில் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கராகவோ இருக்கலாம். அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

அடுத்து, பலகைகளைக் கழற்றுங்கள். மேல்மூடியைத் திறந்தால், முன்பலகையின் இருபுறமும் உள்ளே திருகிவிடும் தாழ்கள் தெரியும். கீழ்ப்பலகையை ஒரு வில்தகடு பிடித்திருக்கும்; அதை மேலே அழுத்தினால் பலகை முன்னே சாயும். பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள் இருந்தால் திருகாணிகளோடு சேர்த்துப் பெயர் எழுதிய உறையில் வையுங்கள். வேலை முழுவதையும் பியானோவுக்குத் தொலைவில், சன்னல் திறந்த, நெருப்பில்லாத அறையில் செய்யுங்கள்; ஸ்பிரிட்டின் ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும், இரும்பு நாரின் துகள் சுத்தியல்களுக்கும் தந்திகளுக்கும் இடையே போனால் எடுப்பது கடினம்.

பழைய மெழுகையும் கைபட்ட அழுக்கையும் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள். அரக்கை அது கரைக்காது. தண்ணீரை இயன்றவரை தவிர்ப்பது நல்லது. ஈரம் பட்டால் அரக்கு வெளுக்கும். வெனீரை ஒட்டியுள்ள விலங்குப் பசையும் இளகும். பல பியானோக்களில் இந்தச் சுத்தத்துக்குப் பிறகே உண்மையான நிறம் வெளிப்பட்டு, மேற்கொண்டு செய்ய அதிகம் இல்லாமல் போகிறது.

முதலைத் தோல் போல வெடித்த இடங்களுக்கு மட்டும் இந்த அடுத்த கட்டம். பலகையைக் கிடைமட்டமாக வைத்து, மென்மையான தூரிகையில் ஸ்பிரிட்டைக் கொஞ்சமாக எடுத்து, மர இழையின் போக்கில் ஒரே ஓட்டமாகத் தடவுங்கள். சில நிமிடங்களில் வெடிப்புகளின் விளிம்பு பளபளத்து, பிறகு மெல்ல வட்டமாகி, ஒன்றோடொன்று கூடுவதைக் காணலாம். அப்போது கை வைக்கவே கூடாது. பாதி இளகிய அரக்கைத் தேய்த்தால் அது திரண்டு மரத்தை விட்டு எழும்பும். ஓரிரவு காயவிட்டு, தேவைப்பட்டால் மறுநாள் மீண்டும் செய்யலாம். விசைப்பலகை மூடியில் தயாரிப்பாளர் பெயர் பொன்னெழுத்தில் ஒட்டப்பட்டிருந்தால், அதைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டுவிடுங்கள். ஸ்பிரிட் அதை அழித்துவிடக்கூடும். மழைநாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். காற்றின் ஈரம் சேர்ந்து மெருகு வெள்ளை பூக்கும்.

இறுகியபின், மிக நுண்ணிய 0000 எண் இரும்பு நாரால் மெதுவாகச் சமப்படுத்தி, தேய்ந்த இடங்களில் புதிய அரக்கை ஏற்றுங்கள். 1 லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 120 கிராம் அரக்குச் செதில்களை ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டினால் போதும். பஞ்சைப் பழைய பருத்தித் துணியில் பொதிந்து, கரைசலில் நனைத்து, அடியில் ஒரு துளி ஆளிவிதை எண்ணெய் தொட்டு, நிறுத்தாமல் சிறு வட்டங்களாக ஓட்டுங்கள்; நின்ற இடத்தில் துணி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், அவை தாமாகவே தீப்பற்றும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தேன்மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, மென்துணியால் தேய்த்துப் பலகைகளை மாட்டுங்கள். சிலிகோன் கலந்த தெளிப்பு பாலிஷை ஒருபோதும் தொடாதீர்கள். அதன்மேல் பிறகு எந்த அரக்கும் சீராகப் படியாது.